பலகையில் மூன்று

மூன்று. நீலச் சட்டைக்காரிகளின் பலகையில் இரண்டைப் புரட்டி மூன்றாக்கிவிட்டேன். அட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது, நகத்தை விட்டுப் பிரிக்க வேண்டியிருந்தது. கடைசிக் குவார்ட்டரில் இன்னும் மூன்று நிமிடம் நாற்பது விநாடி. வெயில் மில் புகைபோக்கிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. புகை வராத புகைபோக்கி, அதன் நிழல் மட்டும் இன்னும் வேலைக்கு வருகிறது, தினமும் ஐந்தரைக்கு இந்தக் கூடைப்பந்து மைதானத்தைக் குறுக்கே கடந்து போகிறது. இன்னும் ஒரு பவுல், அதாவது தப்பாட்டம், விழுந்தால் கொடி. மேசையின் இரண்டு ஓரத்திலும் துளைபோட்ட மரக்கட்டை, பக்கத்தில் ஒரு சாண் குச்சியில் சிவப்புத் துணி. ஓர் அணி ஒரு குவார்ட்டரில் நான்கு பவுல் செய்து, பந்து மறுபடியும் ஆட்டத்துக்குள் வந்ததும், அந்த அணிப் பக்கத்துக் கொடியை எடுத்துத் துளையில் நட வேண்டும். அவ்வளவுதான் என் வேலை. ஆளுயரக் கம்பில் கொடி பிடித்து நாற்பது வருடம் நின்ற கைக்கு ஒரு சாண் குச்சி. இந்த வேலையை எனக்குக் கொடுத்தவன் தவசிமுத்து. மஞ்சள் சட்டை அணியின் கோச், ஒரு காலத்தில் என்னோடு ஒரே சங்கத்தில் இருந்தவன், இப்போது மூன்றடி தள்ளி பெஞ்சு ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பவன். “தோழர், டேபிள்ல ஒரு ஆள் குறையுது. நாலு பவுல் விழுந்தா செவப்புக் கொடி தூக்கணும். அந்த வேலைக்கு இந்த ஊர்ல உங்கள விட்டா யாரு இருக்கா?” என்றான் போன வாரம், கடைத்தெருவில் வைத்து. சுற்றி நின்ற பெண்பிள்ளைகள் சிரித்தார்கள். மேதினியும் சிரித்தாள். என் மகள், அவன் அணியில் ஆடுகிறவள். அவள் சிரித்திருக்காவிட்டால் நான் முடியாது என்று சொல்லியிருப்பேன். அவள் சிரித்ததால் சரி என்றேன். அவன் கிண்டல் செய்தானா, மரியாதையாகத்தான் கேட்டானா என்று இந்த நிமிடம்வரை தெரியவில்லை. அவனிடம் எனக்குப் பிடிக்காததே அதுதான், எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் ஒரு நல்ல மனிதன் மாதிரியே இருப்பான்.

எதையும் படிக்காமல் நான் மேடை ஏறியதில்லை. என் பக்கத்து நாற்காலியில் ஸ்கோர் ஷீட் எழுதும் ஜெசிந்தா டீச்சர் விதிகளை நாலு பக்கம் தமிழில் எழுதி நகலெடுத்துக் கொடுத்திருந்தார். தடித்த புத்தகம் படித்தவனில்லை நான். எட்டுப் பக்கம், பதினாறு பக்கம், நடுவில் பின் அடித்த வெளியீடுகள், அவற்றில்தான் உலகம் முழுவதையும் படித்தேன். இந்த நாலு பக்கத்தையும் அப்படித்தான் சிவப்புப் பென்சிலால் கோடிட்டுப் படித்தேன், முதல் வாசிப்பிலேயே அதன் வர்க்க குணம் தெரிந்துவிட்டது. ஒருத்தி தனக்கென்று ஐந்து பவுல் செய்தால் வெளியே போகிறாள், அது நியாயம், அவள் தப்பு அவளுக்கு. ஆனால் அவள் செய்த ஒவ்வொன்றும் அணியின் தலையிலும் ஏறுகிறது. நான்கு பேர் ஆளுக்கு ஒன்று செய்து தப்பித்துவிடுவார்கள், கூடைக்கு எறியும்போது பிடித்தால் தவிர, எதிராளிக்கு ஓரத்திலிருந்து பந்தை உள்ளே போட மட்டும் உரிமை. ஐந்தாவதாக எவள் கை பட்டாலும், அவளுக்கு அது முதல் தப்பாக இருந்தாலும், எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒருவரும் தடுக்காமல், ஒருவரும் கையை உயர்த்தாமல், கோட்டில் நின்று நிதானமாகக் கூடைக்குள் எறியலாம், விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. கூட்டுத் தண்டனை. மில் நிலையாணைகளில்கூட இப்படி ஒரு பிரிவு கிடையாது, இருந்திருந்தால் நாங்கள் கொளுத்தியிருப்போம். இதை டீச்சரிடம் சொன்னேன். “தண்டனை இல்ல அண்ணாச்சி. இது இல்லன்னா ஆளுக்கொரு தரம் புடிச்சி இழுத்துக்கிட்டே இருப்பாளுவ, ஆட்டம் எங்க நடக்கும்? ஆனா நாலு வரைக்கும் கையில மிச்சம் இருக்குல்லா, அத வச்சுத்தான் கோச்சுமாரு வெளையாடுவாங்க. கடைசியில ஒரு பவுலச் செலவழிச்சி ஆட்டத்த நிறுத்துவாங்க. அதுக்குத்தான் ஒங்க பலகையையே பாத்துக்கிட்டு இருப்பாங்க” என்றார். அப்புறம் போகிறபோக்கில் ஒன்று சொன்னார், அதுதான் இன்னும் என் காதில் கிடக்கிறது. “ஒவ்வொரு குவார்ட்டர் முடிஞ்சதும் எல்லாத்தையும் அழிச்சிரணும். பழையது சேராது.” எல்லாத்தையுமா என்று கேட்டேன். “டீம் பவுல் எல்லாத்தையும்” என்றார். எவன் கண்டுபிடித்தானோ. நாலு குவார்ட்டர் போட்டும் நிதானமாக நிற்பது இந்த ஆட்டத்தில்தான் என்று எனக்குப் பின்னால் ஒருவன் இதே சிரிப்பை மூன்றாவது தரம் சிரிக்கிறான். முதல் தரம் நானும் சிரித்தேன்.

மேதினிக்குப் பந்து வருகிறது. மே ஒன்றில் பிறந்தாள், அதனால் மேதினி, பெயர் வைத்தது நான். உலகம் என்றும் ஒரு பொருள் உண்டு என்று துண்டறிக்கையில்கூட எழுதினேன், அன்றைய ஊர்வலத் துண்டறிக்கையில், கடைசி வரியில் சின்ன எழுத்தில். அந்தப் பெயரை இப்போது தவசிமுத்துதான் அதிகம் கூப்பிடுகிறான். “தினி! எடது பக்கம் தினி!” பெயரை நறுக்கிவிட்டான். மேயை வெட்டி எறிந்துவிட்டான், மே இல்லாத மே தினம். அவளும் திரும்புகிறாள். வீட்டில் நான் மேதினி என்று முழுதாகக் கூப்பிட்டால் இரண்டாவது தரம்தான் என்னப்பா என்கிறாள். இன்று இவர்கள் ஜெயித்தால் சென்னைக்குப் போவார்கள், மாநிலப் போட்டி, அங்கே ரயில்வேயிலிருந்து ஆள் எடுக்க வருவார்கள். இருபத்தைந்து முடிந்தால் எடுக்க மாட்டார்கள். அவளுக்கு வரும் மே மாதம் இருபத்தைந்து. அவளுக்கு இருப்பது இந்த ஒரு ஆட்டம்தான், நேற்று இரவு சாப்பிடும்போது அவளே சொன்னாள், என்னிடம் இல்லை, அவள் அம்மாவிடம். நான் பேப்பருக்குப் பின்னால் இருந்தேன். என் மகளுக்கு நான் கற்றுக்கொடுத்தது என்ன? உபரி மதிப்பு. பத்து வயதில் கடலை மிட்டாய் வைத்துச் சொல்லிக்கொடுத்தேன், மிட்டாயைத் தின்றுவிட்டு விளையாடப் போய்விட்டாள், இந்த மைதானத்துக்குத்தான். இங்கே அவன் இருந்தான். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்லுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டவன், ஸ்போர்ட்ஸ் செயலாளர் ஆனவன், மில் மூடியபிறகும் இந்த இரண்டு கம்பத்தையும் விடாமல் சாயம் அடித்து வைத்திருப்பவன். ஃப்ரீ த்ரோ எறிய அவன்தான் சொல்லிக்கொடுத்தான். ஐந்து விநாடிக்குள் எறிய வேண்டும். அவள் மூன்று தரம் பந்தைத் தரையில் தட்டுவாள், மூச்சை விடுவாள், பிறகு ஒரு வேலை செய்வாள், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பெஞ்சைப் பார்ப்பாள். அவனோ ஃப்ரீ த்ரோ என்றால் முதுகைத் திருப்பிக்கொண்டு புகைபோக்கியைப் பார்த்து நிற்பான், எப்போதும், அது அவன் பழக்கம். அந்த முதுகு திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எறிவாள். முதல் பாதியில் நாலு எறிந்தாள், நாலு தரமும் பார்த்தாள். மூன்றடி இந்தப் பக்கம் அப்பன் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்கு அவன் முதுகு போதும்.

விசில். யாரோ விழுந்திருக்கிறார்கள். எங்கள் ஒன்பதாம் நம்பர் எழுந்து முட்டியைத் தட்டிக்கொள்கிறது, மேதினி விரலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுப் பக்கம் ஓடி வருகிறாள். ரெஃப்ரீ எபனேசர் சார் மேசைக்கு வந்து விரல்களால் என்னவோ காட்டுகிறார். நான் மேதினியைப் பார்க்கிறேன். வலது கைச் சுண்டுவிரல். என்னைத் தாண்டித்தான் போகிறாள், என் மூக்குக்கு நேரே அவள் வியர்வை வாசம், குழந்தையில் தலைக்குக் குளிப்பாட்டினால் வருமே அதே வாசம், தாண்டிப் போய் அவன் முன்னால் கையை நீட்டுகிறாள். என்ன ஏது என்று சொல்லவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை, ஆட்டத்தைப் பார்த்தபடியே கையை மட்டும் நீட்டுகிறாள், எடுத்துக்கொள் என்பதுபோல. அவன் பிளாஸ்திரியைப் பல்லால் கிழிக்கிறான், சுண்டுவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்து வைத்துச் சுற்றுகிறான், சுற்றிவிட்டு ஊதுகிறான். எதற்கு ஊத வேண்டும்? பிளாஸ்திரிக்கு மேல் ஊதினால் என்ன ஆகும்? “வலிக்காடி?” “இல்லண்ணே.” “பொய் சொல்லாத. எறியும்போது இந்த வெரல நெனைக்காத, போ.” போகும்முன் அவள் தலையில் கையை வைக்கிறான். ஜெசிந்தா டீச்சரின் குரல் எங்கேயோ கேட்கிறது, தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து பேசுவதுபோல, “நீலம் எட்டு. நாலு.” நாலு.

நாலு பேர். தொண்ணூற்றொன்றில், வேலைநிறுத்தம் உடைந்தபின், மில்லுக்குள் திரும்ப எடுக்கப்படாதவர்கள் நாலு பேர். மற்ற எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனார்கள், நாங்கள் நாலு பேர் வெளியே நின்றோம். ஒருவன் திருப்பூர் போனான். ஒருவன் குடித்துச் செத்தான். ஒருவன் இப்போது எங்கே என்று தெரியவில்லை. நான் இங்கே பலகை புரட்டுகிறேன். வேலைநிறுத்தத்தின் அறுபதாவது நாள் மில் வாசலில் கூட்டம். தொடர்வதா, முடிப்பதா? வரிசை வரிசையாக உட்காரவைத்தோம், வரிசைக்குப் பதினாறு பேர், நானே கயிறு கட்டி உட்காரவைத்தேன், எண்ணச் சுலபமாக இருக்கட்டும் என்று. முடிக்கலாம் என்று தூக்கிய கைகள் நூற்றுத் தொண்ணூற்றைந்து, நானும் தவசியும் தனித்தனியாக எண்ணி ஒரே எண்ணிக்கை சொன்னோம். தொடரலாம் என்று தூக்கிய கைகள் எனக்கு இருநூற்று மூன்று. அவனுக்கு நூற்றெண்பத்தேழு. “ஒரு வரிசைய ரெண்டு தரம் எண்ணிட்டீங்க தோழர்” என்றான், மைக் இல்லாமல், என் காதருகே. நான் மைக்கில் சொன்னேன், கோமதிநாயகத்துக்கு எண்ணத் தெரியும் என்று. கைதட்டினார்கள். அவன், “சரி, தோழர் எண்ணிக்கையே இருக்கட்டும்” என்றான். அதையும் நல்லவன்போலவே சொன்னான். நாற்பத்து மூன்று நாள் தொடர்ந்தோம், உடைந்தோம். அப்புறம் நான் அவனைக் குறிவைத்து ஒரு துண்டறிக்கை எழுதினேன், ‘பதினாறு கைகளை விழுங்கியவன் யார்?’ என்று. அந்த வருடத்தில் நான் எழுதியதிலேயே சிறந்த நடை. இந்த ஊரில் பாதிப் பேர் அதை இன்னும் நம்புகிறார்கள், மீதிப் பேர் செத்துவிட்டார்கள். வடிவு அதைப் படித்துவிட்டுத்தான் என்னைக் கட்டிக்கொண்டாள். ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவள். அன்று கூட்டத்துக்குத் தண்ணீர் கொடுத்தவளும் அவள்தான். நான் எண்ணிக்கொண்டிருந்தேன், ஐந்தாவது வரிசையோ ஆறாவதோ, ஓரத்தில் அவள் தவசியிடம் செம்பை நீட்டினாள், அவன் அண்ணாந்து குடித்தான், தண்ணீர் கழுத்தில் வழிந்தது, அவள் சிரித்தாள். எனக்கு அப்போது அவள் பெயர்கூடத் தெரியாது. செம்பை வாங்கிக்கொண்டு அடுத்தவருக்கு நீட்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எண்ணினேன். எந்த வரிசையிலிருந்து? வடிவு இன்றும் தவசியண்ணன் என்றுதான் சொல்கிறாள். அண்ணன் என்று சொல்கிறவளிடம் என்ன கேட்பது? இருபத்தைந்து வருடமாகக் கேட்கவில்லை. ஆனால் அந்தச் செம்பு வீட்டில் இருக்கிறது, குழாயடியில் கிடக்கும், காலில் தட்டுப்படும்போதெல்லாம் எடுத்து ஓரமாக வைக்கிறேன்.

“அண்ணாச்சி, இருக்கீங்களா?” என்றார் டீச்சர். இருக்கிறேன் என்றேன். ஆட்டம் ஓடுகிறது. நீலம் அறுபத்திரண்டு, மஞ்சள் அறுபத்தொன்று. இருபது விநாடி. ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி. பந்து எங்கள் பக்கம், அதாவது அவன் பக்கம். இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தேன்? நீலக் கோச் எழுந்து நிற்கிறாள், பெரிய உடம்பு, கழுத்தில் துண்டு, என் மேசையைப் பார்க்கிறாள், பலகையைப் பார்க்கிறாள், கைவிரல் ஒன்றைத் தூக்கித் தன் பிள்ளைகளுக்குக் காட்டுகிறாள். “ஒண்ணு இருக்குடி! ஒண்ணு இருக்கு! புடி!” என்ன ஒன்று? மேதினி பந்தோடு வளைந்து உள்ளே வருகிறாள், அந்தப் பிளாஸ்திரி வெள்ளையாகத் தெரிகிறது, பன்னிரண்டு, பதினொன்று, எட்டாம் நம்பர் நீலக்காரி பந்தைத் தட்டக் கை வீசுகிறாள், அடி மணிக்கட்டில் விழுகிற சத்தம் இங்கே கேட்கிறது. விசில். ஒன்பது விநாடி. எபனேசர் சார் மேசையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டுகிறார், ஃப்ரீ த்ரோ என்று. நீலக் கோச் கோட்டைத் தாண்டி ஓடி வருகிறாள்.

“சார், என்ன ரெண்டு? எதுக்கு ரெண்டு? அவ எறியவே இல்ல சார், ஓடிக்கிட்டு இருந்தா. இது நாலாவது பவுல். சைடு பால்தான்!”

“ஷீட்ல அஞ்சு சார்” என்றார் டீச்சர்.

“ஷீட்ட யாரு பாத்தா? பலகையப் பாருங்க. மூணு! கொடி எங்க சார்? கொடியே ஏறல. ஒண்ணு மிச்சம் இருக்குன்னுதான் நான் புள்ளையப் புடிக்கச் சொன்னேன்.”

பலகையில் மூன்று. அந்த மூன்று என்னைப் பார்க்கிறது. நகத்தால் பிரித்த கீறல் அதன் ஓரத்தில் அப்படியே இருக்கிறது. நாலு என்ற அட்டை அதன் பின்னால் புரட்டப்படாமல் கிடக்கிறது. நீலம் எட்டு, நாலு. கேட்டேன். காதில் விழுந்தது. அதை எண்ணாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, நாலு பேராக எடுத்துக்கொண்டேன். அவன் ஊதிக்கொண்டிருந்தான். எபனேசர் சார் ஷீட்டை வாங்கிப் பார்க்கிறார், சின்னச் சதுரங்களில் டீச்சர் போட்ட பெருக்கல் குறிகள். “ஷீட்தான் கணக்கு” என்றார். “ஆனா பலகை வேற சொல்லுது. ஏதோ ஒண்ணு தப்பு.” நீலக் கோச் விடவில்லை. “டீச்சர் இந்த ஊரு, சார். ஒரு குறி கூடப் போட எவ்வளவு நேரம் ஆவும்?” ஜெசிந்தா டீச்சரின் பேனா மேசையில் விழுந்து உருண்டது. காது சிவந்துவிட்டது. எபனேசர் சார் என் பக்கம் குனிந்தார். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. டீச்சர் கூட்டிட்டாங்களா? நீங்க மறந்துட்டீங்களா?”

மைதானம் முழுவதும் என்னைப் பார்க்கிறது. இத்தனை பேர் என்னைப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று. மூன்று என்று ஒரு வார்த்தை. நான் மூன்று என்றால் டீச்சர் ஒரு குறி கூடப் போட்டவராகிறார், பந்து ஓரத்துக்குப் போகும், ஒன்பது விநாடியில் இந்தப் பிள்ளைகளால் நீலக்காரிகளைத் தாண்டி எறிய முடியாது, நாலு ஆட்டமாகப் பார்த்துவிட்டேன். கோப்பை இல்லை, சென்னை இல்லை. தவசிமுத்து புகைபோக்கியைப் பார்க்க வேண்டியதில்லை. என் மகள் அவன் முதுகைப் பார்க்க வேண்டியதில்லை. அவள் வீட்டுக்கு வருவாள், வடிவின் மடியில் படுத்து அழுவாள், நான் பக்கத்தில் இருப்பேன், நான் ஆறுதல் சொல்வேன். இது எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன், நினைத்ததை நானே பார்த்துவிட்டேன். நாலு என்றால்? கோமதிநாயகத்துக்கு எண்ணத் தெரியாது என்றாகிவிடும். மைக்கில் சொன்னவன். அதைவிட, மகளுக்காக வேண்டுமென்றே கொடியைத் தூக்காமல் வைத்து நீலக்காரிகளை ஏமாற்றினான் என்பார்கள், நாளைக்கே சொல்வார்கள், நான் எழுதியதுபோல எவனாவது எழுதுவான், நானாக இருந்தால் எழுதியிருப்பேன், தலைப்புகூடத் தயாராக வருகிறது, ‘ஒரு கொடியை விழுங்கியவன் யார்?’ அப்போது அவன் பேசினான். பெஞ்சிலிருந்து எழவில்லை. குத்துக்காலிட்டபடியே, தரையைப் பார்த்தபடி. “தோழர் சொல்லட்டும் சார். அவர் எண்ணிக்கைய நான் எதிர்க்க மாட்டேன்.” அதே குரல். மைக் இல்லாத அதே குரல். இரு, இரு, இதைச் சொல்ல உனக்கு யார் உரிமை கொடுத்தது? சண்டை போடு. ஷீட்டைக் காட்டு. டீச்சருக்காக ஒரு வார்த்தை பேசு. என்னைத் திட்டு, எண்ணத் தெரியாத கிழவா என்று சொல், ஒரே ஒரு தரம் எல்லோர் முன்னிலையிலும் சொல். சொல்ல மாட்டான். அன்றைக்கும் சொல்லவில்லை. அதனால்தான் நாற்பத்து மூன்று நாள். மேதினி இடுப்பில் பந்தை இடுக்கிக்கொண்டு கோட்டருகே நிற்கிறாள். முதல் தடவையாக இன்று என் முகத்தைப் பார்க்கிறாள். கெஞ்சவில்லை. என்னிடம் அவள் எப்போதுமே கெஞ்சியதில்லை. இவர் என்ன சொல்வார் என்று தனக்குத் தெரியும் என்பதுபோல, தெரிந்து ஏற்கெனவே சலித்துவிட்டதுபோல நிற்கிறாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

“நாலு” என்றேன். டீச்சருக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். மறுபடியும் சொன்னேன், கூட்டத்தில் பேசுகிற குரலில். “டீச்சர் ஷீட் சரி. நாலு விழுந்தாச்சு. நான் பலகையத் திருப்பல. கொடியையும் தூக்கல. தப்பு என்னோடது.”

நீலக் கோச் கழுத்துத் துண்டை இழுத்து முகத்தைத் துடைத்தாள். பிறகு சிரித்தாள். “நல்லா மறந்தீங்க பெரியவரே! மறக்கிறதும் மகளுக்கு ஒத்தாசையா மறக்கிறீங்க!” பின்னால் கூட்டம் சிரித்தது. குவார்ட்டர் சிரிப்புக்காரன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். சிரியுங்கள். எபனேசர் சார், “ஷீட் பிரகாரம் ரெண்டு த்ரோ” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மூன்றைப் புரட்டி நாலாக்கினேன், ஐந்துக்கு அட்டை இல்லை. கொடியை எடுத்துத் துளையில் வைத்தேன். வைத்த கையை எடுக்க முடியவில்லை. பெஞ்சில் தவசி எழுந்துவிட்டான். எழுந்தவன் புகைபோக்கிப் பக்கம் திரும்பவில்லை, என்னையே பார்க்கிறான், அவன் முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்த்து வெகு நாளாயிற்று, காதோரம் முழுக்க வெளுத்துவிட்டது. தப்பு என்னோடது என்ற சொல்லை என் வாயிலிருந்து அவன் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. மேசையருகே வந்து, டீச்சருக்குக் கேட்காத குரலில், “அப்ப அன்னைக்கு?” என்றான். அவ்வளவுதான் கேட்டான். நான் கொடியைத் துளைக்குள் இன்னும் ஆழமாக அழுத்தினேன். அவன் வழக்கம்போல முதுகைத் திருப்பிக்கொண்டான்.

மேதினி மேசையைக் கடந்து கோட்டுக்குப் போகிறவள் நின்றாள். “கொடிய விடுங்கப்பா. ஆடுது.” பார்த்தேன். ஆடியது. என் கைதான் ஆட்டிக்கொண்டிருந்தது. விட்டேன். கொடி நின்றது. அவள் போய்க் கோட்டில் நின்றாள், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி மஞ்சளும் நீலமும் வரிசையாக நிற்கிறார்கள், பந்து கையை விட்டுப் போகும்வரை ஒருவரும் உள்ளே கால் வைக்கக் கூடாது, இவ்வளவு பேர் இவ்வளவு பக்கத்தில் நின்றும் ஒருவரும் அவளைத் தொடக் கூடாது, விதிகளிலேயே இந்த ஒன்றைத்தான் நான் பென்சிலால் கோடிடாமல் விட்டிருந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று தட்டு. மூச்சு. பெஞ்சைப் பார்த்தாள், அவன் முதுகை. பார்க்கத்தான் செய்தாள். அது மாறாது, நான் என்ன சொன்னாலும் மாறாது, இந்த எரிச்சல் என்னோடுதான் சுடுகாட்டுக்குப் போகும். எறிந்தாள். வளையத்தில் படாமல் வலைக்குள் விழுந்தது. அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு. பந்து அவளிடம் திரும்பி வந்தது. தட்டு. தட்டு. பிளாஸ்திரி அவிழ்ந்து நுனி தொங்குகிறது, அவள் கவனிக்கவில்லை, அவன் திரும்பியிருப்பதால் அவனும் பார்க்க முடியாது, நான் மட்டும்தான் பார்க்கிறேன். தட்டு. அந்த முதுகிடம் சொல்வது சுலபமாக இருக்கும்போலத் தோன்றியது. எல்லோருக்கும் அவன் முதுகு உதவுகிறது. ஐந்தாவது வரிசை. ஆறாவது இல்லை, ஐந்தாவது, செம்பு போன பிறகு மறுபடியும் ஐந்தாவதிலிருந்துதான் ஆரம்பித்தேன், ஓரத்தில் ஒரு கையில் பச்சைத் துணி சுற்றியிருந்தது, அதே கை இரண்டு தரம், அன்றைக்கே தெரியும், மைக்கைப் பிடிக்கும்போதே தெரியும். “நூத்தி எம்பத்தேழு” என்றேன்.

வளையத்தில் பட்டு, சுற்றி, உள்ளே விழுந்தது. மைதானம் எழுந்து கத்தியது. தவசிமுத்து சத்தத்தைக் கேட்டுத் திரும்பினான், கூடையைத்தான் பார்த்தான், கையை மேலே தூக்கினான், மேதினி அவனை நோக்கிக் கையைக் காட்டிக்கொண்டே பின்னால் ஓடினாள். அவனுக்குக் கேட்கவில்லை.

“என்ன நம்பர் சொன்னீங்க அண்ணாச்சி?” ஜெசிந்தா டீச்சர் பேனாவைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார். “யாருக்குப் பவுலு?”

“எழுத வேண்டாம் டீச்சர். இது பழைய குவார்ட்டர்.”

“பழையது இதுல சேராதுன்னு அன்னைக்கே சொன்னேம்லா” என்று ஷீட்டுக்குத் திரும்பிக்கொண்டார். ஒன்பது விநாடி இன்னும் இருக்கிறது. நீலக்காரிகள் பந்தை உள்ளே போடுகிறார்கள். தவசி மறுபடியும் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான், மூன்றடி, கூப்பிட்டால் கேட்கும். ஆட்டம் முடியட்டும். மஞ்சள் பக்கத்துப் பலகையில் இரண்டு பவுல். சரிதானா என்று டீச்சர் ஷீட்டில் எட்டிப் பார்த்தேன். இரண்டுதான்.